சுவரில் பதிவான ஆற்றல் காரிடம் இருந்ததைவிட 11% அதிகம்: எங்கே தப்பு பண்றேன்?

கசங்கிய_காகிதம் | ஞாயிறு, இரவு 11:48

எல்லாருக்கும் வணக்கம். எம்.இ. இரண்டாம் வருஷம், கோயம்புத்தூர். மோதல் சோதனையில் காரின் உடற்கூடு எவ்வளவு ஆற்றலை உள்வாங்குதுன்னு கணக்குப் போடறதுதான் என் புராஜெக்ட். அமெரிக்க அரசோட சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்.எச்.டி.எஸ்.ஏ. தளத்தில் சோதனைப் பதிவுகளை இலவசமா இறக்கிக்கலாம். அதில் ஒரு சின்ன செடான் எடுத்தேன். நேரா கான்கிரீட் சுவர்ல முழு முகப்பும் மோதற சோதனை, மணிக்கு 56 கி.மீ., டம்மி (ஆள் மாதிரி உட்கார வைக்கற சோதனைப் பொம்மை) எல்லாம் சேர்த்து 1,250 கிலோ.

மோதறதுக்கு முன்னாடி இயக்க ஆற்றல்: வேகம் 15.56 மீ./வினாடி, அரை × 1,250 × 15.56² = 151 கிலோஜூல்.

இரண்டு வழியில போட்டேன்.

முதல் வழி: பின் சீட்டுக்கு அடியில குறுக்குச் சட்டத்துல இருக்கற ஆக்ஸிலரோமீட்டர் (முடுக்கத்தை அளக்கற கருவி) பதிவை எடுத்து, முழு நிறையால பெருக்கி விசை. அதே பதிவை ரெண்டு தடவை தொகையிட்டு இடப்பெயர்ச்சி. விசை–இடப்பெயர்ச்சி வரைபடத்தோட பரப்பு 150.6. அருமையா பொருந்துது.

இரண்டாம் வழி: சுவர்ல பதிச்ச 36 லோடு செல்லோட (விசையை அளக்கற கருவி) கூட்டு விசை, அதே இடப்பெயர்ச்சி. பரப்பு 168!

கார் கொண்டு வந்ததே 151. மீதி 17 எங்கிருந்து வந்துச்சு? வழிகாட்டிகிட்ட கேட்டா, "லோடு செல் அப்படித்தான், 0.9 ஆல பெருக்கிட்டு மேல போ"ங்கறார். மனசு ஒப்பலைங்க. யாராச்சும் சொல்லுங்க.

சும்மா_வந்தவன் | ஞாயிறு, இரவு 11:59

சுவர் நகர்ந்துச்சா தம்பி? நகரலை. அப்போ சுவர் செஞ்ச வேலை விசை × சுழியம் = சுழியம். 168ம் தப்பு, 150ம் தப்பு. தூங்குங்க.

பேரியர்_மணி | திங்கள், காலை 6:20

மேலே நண்பர் கிண்டலாகச் சொன்னாலும் இயற்பியலில் தவறில்லை, கடைசியில் அதற்கு வருகிறேன். பன்னிரண்டு வருடம் சோதனைக் கூடத்தில் வயர் இழுத்தவன் என்ற முறையில் முதலில் ஒன்று சொல்கிறேன். தம்பி, உங்கள் 168ஐப் பற்றி எனக்குக் கவலையில்லை. 150.6தான் உறுத்துகிறது.

ஒரு சின்ன வேலை செய்யுங்கள். முதல் வழியில் நிறையை 1,250க்குப் பதிலாக 3,000 கிலோ என்று போட்டுப் பாருங்கள். பிறகு ஆக்ஸிலரோமீட்டர் பதிவையே தூக்கி எறிந்துவிட்டு, உங்கள் இஷ்டத்துக்கு ஒரு முக்கோண வடிவப் பதிவை வரைந்து கொடுங்கள், அந்த வேகத்தை நிறுத்தும் அளவுக்குப் பெரிதாக. என்ன வருகிறது என்று இங்கே எழுதுங்கள்.

கசங்கிய_காகிதம் | திங்கள், காலை 9:05

அண்ணா, பண்ணினேன். 3,000 கிலோன்னா இயக்க ஆற்றல் 363, பரப்பும் 362 சொச்சம். முக்கோணம் போட்டாலும் பொருந்துது. ஒரு வேடிக்கைக்கு 100 கிலோ போட்டேன், அதுவும் பொருந்துது. ரெண்டு மாசமா இதைத்தான் "சரிபார்ப்பு"ன்னு அத்தியாயம் 4ல எழுதி வெச்சிருக்கேன். அசிங்கமா இருக்கு.

பேரியர்_மணி | திங்கள், காலை 9:40

அசிங்கப்பட ஒன்றுமில்லை, நானும் எழுதியிருக்கிறேன். முடுக்கத்தை ஒருமுறை தொகையிட்டால் வேகம், மறுமுறை தொகையிட்டால் இடப்பெயர்ச்சி. அதே முடுக்கத்தை அந்த இடப்பெயர்ச்சியின் மேல் தொகையிட்டால் வேகத்தின் வர்க்கத்தில் பாதிதான் வரும். வேறு எதுவும் வர வழியில்லை. கார் இல்லாமலே பொருந்தும். தன் கையெழுத்துக்குத் தானே சாட்சி சொல்கிற கதை.

ஆகவே உங்களிடம் இருக்கும் உண்மையான தகவல் அந்த 168 மட்டும்தான். லோடு செல் தனியாக அளக்கிறது, ஆக்ஸிலரோமீட்டர் தனியாக அளக்கிறது. இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் விஷயம் இருக்கிறது என்று அர்த்தம். தயவுசெய்து 0.9 ஆல் பெருக்காதீர்கள்.

இப்போது லோடு செல் பதிவைத் திறந்து, 25 மில்லி வினாடியிலிருந்து 40 வரை பாருங்கள். ஒரு கூர்முனை தெரிகிறதா? அதே நேரத்தில் சீட்டுக்கு அடியிலுள்ள பதிவில் அது இருக்கிறதா?

கசங்கிய_காகிதம் | திங்கள், காலை 10:12

இருக்கு அண்ணா! 31ல ஆரம்பிச்சு 37ல முடியற மாதிரி ஒரு கொம்பு. நடு வரிசை செல்கள்லதான் அது வருது. சீட்டுப் பதிவுல அந்த இடத்துல சின்ன மேடுகூட இல்லை. நான் அதை நாய்ஸ்னு நினைச்சு ஃபில்டர்ல இன்னும் அமுக்கலாமான்னு யோசிச்சேன்.

மெஷ்_மீனா | திங்கள், மதியம் 1:30

அமுக்காதே. அதுதான் எஞ்சின்.

முகப்பு நசுங்க நசுங்க, ரேடியேட்டர் எல்லாம் சப்பையாகி, எஞ்சின் கட்டை சுவரைத் தொடுது. எஞ்சின் நசுங்காது. சில மில்லி வினாடியில நின்னுடும். அந்த நேரத்துல பின் சீட்டு இன்னும் கிட்டத்தட்ட முழு வேகத்துல வந்துட்டு இருக்கு.

கணக்குப் பார்க்கலாம். எஞ்சினும் கியர்பாக்ஸும் சேர்த்து 220 கிலோன்னு வெச்சுக்கோ. சுவரைத் தொடும்போது 14 மீ./வினாடி. அது நிற்க வேண்டிய கணத்தாக்கு 220 × 14 = 3,080 நியூட்டன்-வினாடி. இது முழுக்க லோடு செல்லுல பதிவாகும். இந்த விசையை நீ எதோட இடப்பெயர்ச்சியால பெருக்கறே? சீட்டோட இடப்பெயர்ச்சியால. சீட்டு அப்போ சுமார் 13ல வருது. 3,080 × 13 = 40 கிலோஜூல். ஆனா எஞ்சின்கிட்ட உண்மையில இருந்தது அரை × 220 × 14² = 21.6தான். அதிகப்படி 18.

உனக்கு எவ்வளவு கூட வந்துச்சு? 17.

ஒருத்தர் கூலியை இன்னொருத்தர் வேலை செஞ்ச நாளால பெருக்கிட்டு, சம்பளப் பட்டியல் ஏன் இடிக்குதுன்னு கேக்கறே.

கசங்கிய_காகிதம் | திங்கள், மதியம் 1:44

அக்கா!!! 🙏

சும்மா_வந்தவன் | திங்கள், மதியம் 2:10

சரி, எஞ்சின் கதை ஒத்துக்கறேன். என் கேள்விக்கு யாரும் பதில் சொல்லலை. சுவர் வேலையே செய்யலைன்னா அந்த 151 எங்கே போச்சு?

பேரியர்_மணி | திங்கள், மாலை 7:15

எங்கும் போகவில்லை, காருக்குள்ளேயே இருக்கிறது. சுவர் தருவது விசை. அது காரின் உந்தத்தைப் பறிக்கிறது, ஆற்றலைப் பறிப்பதில்லை. காரின் பின்பாதி முன்பாதியைத் தள்ளி நசுக்குகிறது. இயக்கமாக இருந்தது தகடு மடிவதில் செலவாகி, அதில் பெரும்பங்கு சூடாக மாறுகிறது. சுவர் விசையைக் காரின் நகர்வால் பெருக்குவது ஒரு கணக்கு உத்தி. கார் முழுவதும் ஒரே கட்டையாக நகர்ந்தால் உத்தி பலிக்கும். எஞ்சின் மாதிரி ஒரு பகுதி முன்னதாக நின்றுவிட்டால் பலிக்காது. ஆக உங்கள் கேள்விதான் முழு இழைக்கும் சாவி. நீங்கள் அதைக் கிண்டலாகக் கேட்டுவிட்டீர்கள்.

151 கிலோஜூல் என்றதும் பெரிதாகத் தோன்றும். ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 66க்குக் கொண்டு போகும், அவ்வளவுதான். டீ போட முடியாது. ஆனால் அது பத்தில் ஒரு வினாடிக்குள் செலவாக வேண்டும், வண்டியின் மூக்கில் 60 சென்டிமீட்டருக்குள்.

நாலாம்_கியர் | திங்கள், இரவு 8:02

இவ்வளவு கணக்கு எதுக்குங்க? எங்க அப்பாவோட அம்பாசடர்ல ஒருத்தன் பைக்கைக் கொண்டு வந்து இடிச்சான், பம்பர்ல கீறல்கூட இல்லை. இப்ப வர்ற கார் கை வெச்சா அமுங்குது. இரும்பு கெட்டியா இருந்தா ஆற்றலாவது ஒண்ணாவது.

மெஷ்_மீனா | திங்கள், இரவு 8:25

இந்தப் பதிவு வரும்னு காத்துட்டே இருந்தேன் 😄

பைக் மோதினதை விடுங்க. சுவர்ல மோதினா என்ன ஆகும்? 56 கி.மீ. வேகத்தை 60 செ.மீ. நசுங்கலில் நிறுத்தினா சராசரி எதிர் முடுக்கம் சுமார் 20 ஜி, அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல 20 மடங்கு. வண்டி கெட்டியா இருந்து 30 செ.மீ.தான் நசுங்குச்சுன்னா 41 ஜி. வண்டி வாங்காததை உள்ளே இருக்கறவங்க விலா எலும்பு வாங்கும். பெலா பாரேனி 1951லயே மெர்சிடிஸுக்காக இதைக் காப்புரிமையா பதிவு பண்ணினார்: முன்னும் பின்னும் நசுங்கணும், நடுவுல ஆள் உட்கார்ற கூண்டு நிக்கணும். 1959ல வந்த டபிள்யூ111 மாடல்தான் அந்த யோசனையோட விற்பனைக்கு வந்த முதல் கார்.

நேர்ல பார்க்கணும்னா, அமெரிக்காவின் ஐ.ஐ.எச்.எஸ். (காப்பீட்டு நிறுவனங்கள் நடத்தற சாலைப் பாதுகாப்பு அமைப்பு) 2009ல தன் ஐம்பதாவது ஆண்டுக்கு ஒரு சோதனை வெச்சுது. 1959 செவர்லே பெல் ஏரும் 2009 செவர்லே மாலிபுவும் எதிரெதிரே, ஆளுக்கு மணிக்கு 64 கி.மீ. காணொளி இணையத்துல கிடைக்கும். பெல் ஏர்ல ஓட்டுநர் இருக்கற இடமே மடிஞ்சு போகுது. மாலிபுல கூண்டு அப்படியே நிக்குது, டம்மிக்குக் காலில் சின்னக் காயம்தான்.

நாலாம்_கியர் | திங்கள், இரவு 9:11

பார்த்தேன். வாயை மூடிக்கறேன். அது சரி, ஆளுக்கு 64 வேகத்துல எதிரெதிரே வந்தா சுவர்ல 128ல மோதினதுக்குச் சமம்தானே?

பேரியர்_மணி | திங்கள், இரவு 9:30

இல்லை. ஒரே எடை, ஒரே மாதிரி நசுங்கும் இரண்டு கார்கள் என்றால் நடுவில் ஒரு கோடு நகராமல் நிற்கும். அதைச் சுவராக நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு காரும் 64ல் சுவரில் மோதியதுக்குத்தான் சமம். 128 என்றால் அந்த ஒரு காருக்கே ஆற்றல் நான்கு மடங்கு. இங்கே இரண்டு காரும் சேர்ந்தே இரண்டு மடங்குதான், அதையும் ஆளுக்குப் பாதியாகச் சுமக்கின்றன. எடை வேறுபட்டால் கதை மாறும், இலேசான வண்டிக்கு அடி அதிகம்.

டேப்_அளவு | செவ்வாய், காலை 7:50

இழையை இப்போதுதான் பார்த்தேன். நான் விபத்து வண்டிகளை அளந்து வேகம் கணிக்கும் வேலையில் இருக்கிறேன். எங்களுக்கு லோடு செல்லும் கிடையாது, ஆக்ஸிலரோமீட்டரும் கிடையாது. டேப்பும் சாக்பீஸும்தான். எங்கள் வழியையும் தம்பி தெரிந்துகொள்ளட்டும்.

1974இல் கேம்ப்பெல் சொன்ன முறை: மோதல் வேகமும் நிலைத்த நசுங்கலும் ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். முகப்பின் அகலத்தில் சம இடைவெளியில் ஆறு இடத்தில் நசுங்கல் ஆழத்தை அளந்து சராசரி எடுக்கிறோம். இந்தக் கார் 56 கி.மீ. வேகத்தில் சராசரி 52 செ.மீ. நசுங்கியது, 8 கி.மீ. வரை நிலைத்த சேதம் ஏதும் வராது என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு மீட்டர் நசுங்கலுக்கும் வேகம் 92 கி.மீ. கூடுகிறது. நாளைக்கு இதே மாடல் ஒன்று முகப்பு முழுவதும் 30 செ.மீ. நசுங்கி என் முன்னால் வந்தால், 8 + 92 × 0.30 = சுமார் 36 கி.மீ. ஆற்றல் அரை × 1,250 × 9.9² = 61 கிலோஜூல்.

ஒரு எச்சரிக்கை. பம்பரின் பிளாஸ்டிக் உறை நெளிந்துவிட்டுப் பழைய வடிவத்துக்கே வந்துவிடும். அதை அளந்தால் சேதமே இல்லை என்பீர்கள். கழற்றிப் பார்த்தால் உள்ளே இரும்புத் தண்டு வாழைப்பழம் மாதிரி வளைந்திருக்கும். உறையைக் கழற்றாமல் நான் அளப்பதே இல்லை.

மெஷ்_மீனா | செவ்வாய், காலை 9:15

சார், அந்த 8 கி.மீ. உங்க அனுமானம்தானே? ஒரே ஒரு சோதனைப் புள்ளியை வெச்சு நேர்கோடு போடறீங்க. தண்டவாளம் மாதிரி நீளமா போற முன் ரெயில் ரெண்டும் மடியற வரைக்கும் ஒரு கடினம், எஞ்சின் தொட்ட பிறகு வேற கடினம். நேர்கோடு அதையெல்லாம் தடவி மழுப்பிடும்.

டேப்_அளவு | செவ்வாய், காலை 9:50

அனுமானம்தான், மறுக்கவில்லை. ஆனால் நீதிமன்றத்தில் கேட்பது "40 இருக்குமா 80 இருக்குமா" என்று. அதற்கு இந்தக் கோடு போதும். அதைவிட முக்கியம், நான் அளப்பது வண்டி நின்று, மீண்டு வந்த பிறகுள்ள நசுங்கல். தம்பி கையில் இருப்பது மோதலின் உச்சத்தில் உள்ள நசுங்கல். அது எப்போதும் சில சென்டிமீட்டர் கூடுதலாக இருக்கும். இரண்டையும் ஒரே வரைபடத்தில் போட்டு ஒப்பிடும் ஆய்வேடுகளைப் பார்த்திருக்கிறேன். அதைச் செய்யாதீர்கள்.

கசங்கிய_காகிதம் | செவ்வாய், மதியம் 12:30

நன்றிங்க சார், நான் அதையும் பண்ணியிருக்கேன் 😬 மாத்திடறேன்.

இன்னொரு சந்தேகம். பாரத் என்கேப் (நம்ம ஊர்ல காருக்குப் பாதுகாப்பு நட்சத்திரம் கொடுக்கற திட்டம்) சோதனையில 64 கி.மீ. வேகத்துல அலுமினியத் தேன்கூடு வெச்ச தடுப்புல மோதறாங்களே. அங்கேயும் கார் அரை × நிறை × வேகம்² முழுசா வாங்கும்னு எடுத்துக்கலாமா?

பேரியர்_மணி | செவ்வாய், மாலை 6:40

கூடாது. அங்கே தடுப்பும் நசுங்குகிறது. எவ்வளவு என்று கையாலேயே மதிப்பிடலாம். தேன்கூட்டின் பிரதானக் கட்டி ஒரு மீட்டர் அகலம், 65 செ.மீ. உயரம், 45 செ.மீ. ஆழம். நசுங்கும் தகைவு 0.342 மெகாபாஸ்கல், கிட்டத்தட்ட மாறாமல் இருக்கும், அதற்காகத்தான் தேன்கூடு. கார் அகலத்தில் 40% மட்டும் மேலே படுகிறது, 1.75 மீட்டர் கார் என்றால் 70 செ.மீ. விசை: 0.342 × 700 × 650 = 156 கிலோநியூட்டன். 35 செ.மீ. உள்ளே போனால் 54 கிலோஜூல். 1,250 கிலோ கார் 64ல் கொண்டு வருவது 198. ஆக கால் பங்குக்கு மேல் தடுப்பே சாப்பிட்டுவிடுகிறது. அதோடு ஒரு பக்கம் மட்டும் மோதுவதால் கார் சுழன்று திரும்பும், அந்தச் சுழற்சியிலும் கொஞ்சம் ஆற்றல் மிச்சமிருக்கும்.

சோதனை முடிந்ததும் நாங்கள் முதலில் தடுப்பைத்தான் படம் எடுப்போம். கார் எங்கும் ஓடிவிடாது, ஆனால் தேன்கூட்டைக் கையால் தொட்டால்கூடப் பள்ளம் விழும். ஒருமுறை யாரோ அதன் மேல் டீ கிளாஸ் வைத்துவிட்டார்கள், வட்டமாக ஒரு தடம். அறிக்கையில் அதை எப்படி எழுதுவது என்று அரை மணி நேரம் பேசினோம்.

ஐரோப்பாவில் 2020 முதல் நகரும் தள்ளுவண்டியில் தடுப்பைப் பொருத்துகிறார்கள், 1,400 கிலோ, இரண்டும் ஆளுக்கு 50ல். கார் அந்தத் தடுப்பை எப்படி நசுக்கியது என்பதற்கே மதிப்பெண் வெட்டு உண்டு. எதிரில் வருபவரை எவ்வளவு காயப்படுத்தும் என்று பார்க்கத்தான்.

மெஷ்_மீனா | செவ்வாய், இரவு 10:20

தம்பி, சிமுலேஷன் பக்கமும் வா. சோதனையில "மொத்தம் இவ்வளவு"ன்னுதான் சொல்ல முடியும். இடது ரெயில் எவ்வளவு வாங்குச்சு, அதோட முனையில நசுங்கறதுக்குன்னே இருக்கற கிராஷ் பாக்ஸ் எவ்வளவு, எஞ்சினைத் தாங்கற சப்ஃபிரேம் எவ்வளவுன்னு பாகம் பாகமா கேக்கணும்னா மாடல்தான். டொயோட்டா யாரிஸ் 2010 மாடலை அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்காரங்க இலவசமா போட்டிருக்காங்க, எல்எஸ்-டைனாங்கற மோதல் சிமுலேஷன் மென்பொருள்ல ஓடும்.

ஆனா அங்கேயும் நீ விழுந்த அதே குழி உண்டு. மொத்த ஆற்றல் கோடு தட்டையா போனா எல்லாரும் கை தட்டுவாங்க. நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஒரு மாடல் கொடுத்தேன், மொத்தம் அரை சதவீதத்துக்குள்ள நின்னுச்சு. கூட்டத்துல ஒரு பெரியவர் எழுந்து ரெயிலைப் பெரிசாக்கிக் காட்டச் சொன்னார். மடிப்பு மடிப்பா வர வேண்டிய தகடு ரம்பப்பல் மாதிரி வளைஞ்சு வளைஞ்சு கிடந்துச்சு. ஹவர்கிளாஸ் ஆற்றல், அதாவது கணக்கு முறையோட குறையால வர்ற இந்தப் பொய் வளைவை அடக்க மென்பொருள் செலவழிக்கறது, அது மட்டும் 12%. அதாவது இல்லாத உலோகம் ஒண்ணு ஆற்றலை வாங்கிட்டு இருக்கு, மொத்தக் கணக்கு மட்டும் சரியா இருக்கு. அதுக்கப்புறம் ஹவர்கிளாஸ், தொடுபரப்பு ஆற்றல், கணக்கு வேகமா ஓட மென்பொருள் கூட்டின நிறை மூணையும் தனித்தனியா பார்க்காம மொத்தக் கோட்டைத் திறக்கறதே இல்லை. ரெயிலைக் கண்ணாலயும் பார்ப்பேன்.

கசங்கிய_காகிதம் | வியாழன், இரவு 11:30

ரெண்டு நாளா உட்கார்ந்தேன். அதே சோதனையில எஞ்சின் மேலயும் கீழயும் ஆக்ஸிலரோமீட்டர் இருக்கு, நான்தான் பதிவை இறக்கவே இல்லை. கீழ இருக்கறது 42 மில்லி வினாடியில செத்துடுச்சு, பதிவு நேர்கோடா போகுது. மேல இருக்கறது உயிரோட இருக்கு. தொகையிடறதுக்கு சி.எஃப்.சி. 60 ஃபில்டர் (மோதல் பதிவுகளுக்கான தர ஃபில்டர், எண் குறைஞ்சா அதிகமா அமுக்கும்) போட்டிருந்தேன், 180க்கு மாத்தினேன். சீட்டுப் பதிவுல அரை ஜி அடிக்கோட்டுப் பிழை இருந்துச்சு, அதாவது சுழியம் காட்ட வேண்டிய இடத்துல அரை ஜி காட்டுது. அது மட்டுமே 100 மில்லி வினாடியில இரண்டரை செ.மீ. இடப்பெயர்ச்சியைக் கூட்டுது.

எஞ்சின் பங்கை அதோட சொந்த இடப்பெயர்ச்சியில போட்டேன். 168 இறங்கி 148 ஆயிடுச்சு.

இப்ப 151க்கு 3 குறையுது. மறுபடியும் கீழே போயிட்டேன். என்ன அண்ணா இது?

பேரியர்_மணி | வெள்ளி, காலை 6:05

காருக்குள் யார் உட்கார்ந்திருந்தார்கள்?

கசங்கிய_காகிதம் | வெள்ளி, காலை 6:31

டம்மி. ஓட்டுநர் 78 கிலோ, பக்கத்துல சின்னப் பெண் டம்மி 49 கிலோ.

ஓ.

எஞ்சின் சீட்டுக்கு முன்னாடியே நின்னுச்சு, அதனால கூட வந்துச்சு. டம்மி சீட்டுக்கு அப்புறம்தான் நிக்குது, அதனால குறையுது. அந்தக் குறையறது பெல்ட்டும் ஏர்பேக்கும் வாங்கினது. உடற்கூடு வாங்கினதுல அது சேராது!

மெஷ்_மீனா | வெள்ளி, காலை 8:00

மார்புப் பதிவு இருக்கும், இறக்கு. டம்மியை முழுசா ஒரே கட்டையா எடுத்துக்காதே, தலையும் காலும் வேற வேற கதை. மார்பு, இடுப்பு ரெண்டை வெச்சுத் தோராயமா போட்டா போதும்.

கசங்கிய_காகிதம் | வெள்ளி, மாலை 5:47

போட்டேன். டம்மி பங்கு சுமார் 4. மொத்தம் 152. அத்தியாயம் 4ஐ முழுசா அழிச்சுட்டேன். திங்கட்கிழமை வழிகாட்டிகிட்ட 3,000 கிலோ கணக்கைத்தான் முதல்ல காட்டப் போறேன்.

சும்மா_வந்தவன் | வெள்ளி, மாலை 6:02

100 கிலோ கணக்கைக் காட்டுங்க. அது இன்னும் நல்லா இருக்கும்.